சிலம்பாயியின் முழங்கால் ஜோடு

செங்கரட்டுச் சீமையை ஆண்ட விருதராஜ பூபதிக்குச் சிரிப்பும் வராது, கோபமும் வராது. எந்த வழக்கு வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார். "சட்ட ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது?" எழுதியிருந்தால் நடக்கும். எழுதாவிட்டால் நடக்காது.

எல்லையிலிருந்து அவருக்குச் சேதி கொண்டுவருகிறவள் சிலம்பாயி. சீமையிலேயே வேகமாகக் குதிரை விடுகிறவள். முத்திரையிட்ட ஓலையை மன்னர் கையிலேயே கொடுக்க வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்பது ஏட்டில் இருந்தது.

வழியெல்லாம் உடைமுள் காடு. முள் கிழித்தும் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியின் வார் உரசியும் அவள் கெண்டைக்கால் ஆறாத புண்ணாகிவிட்டது. சேணம் தைக்கும் மாசிலாமணியிடம் போனாள். அவர் அளவெடுத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை ஏறும் தோல் ஜோடு தைத்துக் கொடுத்தார். அந்தச் சீமையில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஒன்று தைத்தது அதுவே முதல் தடவை.

"இதைக் கழற்றுவது எப்படி அண்ணே?" என்று கேட்டாள்.

"போடுகிற மாதிரி தைத்திருக்கிறேன். கழற்றுவதைப் பற்றி யோசிக்கவில்லை," என்றார் மாசிலாமணி.

ஜோடு வந்த பிறகு இரண்டு நாள் பயணம் ஒரே நாளில் முடிந்தது. அரண்மனைக்குள் ஜோட்டோடு போக முடியாது. அதனால் கோட்டை வாசலில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். காவலர் இருவர் பிடித்து இழுப்பார்கள். கழன்றுவிடும்.

வாசல் அதிகாரி வல்லபராயருக்கு இது பொறுக்கவில்லை. சேதி கொண்டுவரும் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர நினைத்திருந்தார். மைத்துனனுக்குக் குதிரைமேல் ஏறத் தெரியும். இருக்கத்தான் தெரியாது.

ஒருநாள் வல்லபராயர் காவலரைத் தடுத்தார். "பெண்பிள்ளையின் காலை ஆண்கள் தொடுவதா? இனி யாரும் தொடக் கூடாது."

அன்று அவள் கொண்டுவந்தது அவசர ஓலை. வடக்கு ஏரி நிரம்பிவிட்டது, மதகைத் திறக்க உத்தரவு வேண்டும் என்று எழுதியிருந்தது. சிலம்பாயி தனியாக இரண்டு நாழிகை இழுத்தாள். ஜோடு கழன்று, ஓலை உள்ளே போய், உத்தரவு வெளியே வருவதற்குள் கரை உடைந்தது. மூன்று ஊர் நெல் தண்ணீரில் போயிற்று. அன்று அவள் எதுவும் சாப்பிடவில்லை.

"எல்லாம் அந்த ஜோட்டால் வந்தது. இந்த வேலையை என் மைத்துனனுக்குக் கொடுங்கள்," என்று வல்லபராயர் சபையில் சொன்னார்.

மன்னர் யோசித்தார். "ஜோடு போடக் கூடாது என்று ஏட்டில் இல்லை. காலைத் தொடலாம் என்றும் இல்லை. நாளை ஒரு தடவை பார்ப்போம். அவள் ஜோட்டோடு குதிரையில் வரட்டும். வாசலில் கழற்றட்டும். காவலர் தொடக் கூடாது, ஜோட்டை அறுக்கவும் கூடாது. அரை நாழிகைக்குள் ஓலை என் கைக்கு வராவிட்டால் வேலை உம் மைத்துனனுக்கு."

அரை நாழிகையில் முடியாது என்பது சிலம்பாயிக்குத் தெரியும். அவைப்புலவர் கூத்தபிரானுக்கும் தெரியும். அவர் எழுந்து, "அரசே, வாசல் சட்டம் எழுதிய ஏட்டை நான் ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம் என்று ஏட்டில் இருக்கிறது," என்றார் மன்னர்.

மறுநாள் காலையில் நல்ல மழை. மன்னரும் சபையும் வாசல் மண்டபத்தில் நின்றார்கள். சிலம்பாயி வந்து இறங்கினாள். ஜோடு நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன் சும்மா இருக்கிறாய்? கழற்று," என்றார் வல்லபராயர்.

"அது அவள் வேலை இல்லை, ஐயா," என்றார் கூத்தபிரான். ஏட்டைப் பிரித்து வாசித்தார். "உள்ளே வருபவர் பாதரட்சையை வாசல் அதிகாரி முன் கழற்றி வைக்க வேண்டும்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். என் முன்னால் அவள் கழற்ற வேண்டும்."

"'முன்னால்' என்று இல்லை. 'முன்' என்றுதான் இருக்கிறது. உள்ளே வருபவருடைய பாதரட்சையை, வாசல் அதிகாரியானவர், முன்னதாகக் கழற்றி வைக்க வேண்டும். நான் அப்படிப் படிக்கிறேன்."

"இத்தனை காலமும் யாரும் அப்படிப் படித்ததில்லை."

"இத்தனை காலமும் யாருக்கும் ஜோடு இறுகவில்லை."

மன்னர் ஏட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். "இரண்டு மாதிரியும் படிக்கலாம். முதல் மாதிரியை நேற்று வரை பார்த்துவிட்டோம். இன்று இரண்டாவதைப் பார்ப்போம்."

"அரசே, பெண்ணின் காலை ஆண் தொடுவது..."

"காவலர் தொடக் கூடாது என்றுதான் நேற்றுச் சொன்னேன். நீர் அதிகாரி."

வேறு வழியில்லை. வல்லபராயர் தலைப்பாகையைக் கழற்றி ஓரமாக வைத்தார். சேற்றில் முழந்தாளிட்டார். சிலம்பாயியின் வலது காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. ஒரு பெரிய இழுப்பு இழுத்தார். ஜோடு கழன்றது. அதைக் கட்டிப்பிடித்தபடியே மல்லாந்து விழுந்தார். எழுந்து, மூச்சு வாங்க, மறுபடியும் முழந்தாளிட்டார்.

கூத்தபிரான் மெதுவாகச் சொன்னார்: "அரசே, வல்லபராயர் இத்தனை நாளும் இந்தப் பெண்ணின் காலை வாரப் பார்த்தார். முடியவில்லை. இப்போது காலைப் பிடித்துவிட்டார்."

மன்னரிடமிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்து அரண்மனை வைத்தியர் ஓடிவந்தார். அது சிரிப்பு என்று தெரிந்துகொள்ளச் சபைக்குச் சற்று நேரம் பிடித்தது.

சிரித்து முடித்ததும் மன்னர் தன் முத்து மாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார். "சேதி கொண்டுவருகிறவர்கள் இனி ஜோட்டோடு உள்ளே வரலாம். ஏட்டில் எழுதுங்கள்," என்றார். பிறகு சிலம்பாயியைப் பார்த்தார்.

"வல்லபராயர் காலைப் பிடித்துவிட்டார், அம்மா. மன்னித்துவிடலாமா?"

சிலம்பாயி ஓலையை அவர் கையில் கொடுத்தாள். சேற்றில் இருந்த வல்லபராயரைப் பார்த்தாள். ஜோடு மாட்டியிருந்த இடது காலை நீட்டினாள்.

"ஒரு காலைத்தானே பிடித்திருக்கிறார், மகாராஜா," என்றாள்.