முகப்பில் ஒரு பெயர்ப்பலகை

"டீச்சர், இதுக்கு ஒரு பேரு சொல்லுங்க. யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது."

கேட்டவர் சிவனைந்தான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நிரல் எழுதப் படித்தவர். சொல்லிக்கொடுத்த மெஹருன்னிசா டீச்சருக்கு அவர் மகள் வயதுதான்.

பழைய கம்ப்யூட்டர்களில் ஓடிய நிரலைப் புதியதில் போட்டால், அது கேட்பது புதியதற்குப் புரியாது. நடுவில் நின்று இரண்டுக்கும் எடுத்துச் சொல்லும் இடைமென்பொருள் ஒன்றை அவர் செய்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செய்திருந்தார்.

"என்னென்ன பேரு யோசிச்சீங்க, அண்ணாச்சி?"

"சேதுன்னு வச்சேன். அப்புறம் தோழன். இப்பம் கூடுபாய்ச்சி. பழைய நிரல் எதைத் திறந்தாலும் திரை நடுவுல தங்க எழுத்துல வந்து நிக்கும். கீழ என் பேரு. கொஞ்ச நேரத்துக்கு யாராலயும் மூட முடியாது."

"ஏன் மூட முடியாது?"

"வாசிக்கணும்லா?"

டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"பேரைப் பொறவு பாப்போம். இதை அப்படியே பேக்கேஜ் பண்ணி, ஸெலின் அக்கா வீட்டுல போட்டுக் குடுத்துட்டு வாங்க."

ஸெலினின் அண்ணன் ரூபர்ட் இறந்து வருடங்கள் ஆகின்றன. அவருடைய பழைய கம்ப்யூட்டரை ஸெலின் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். போன மழையில் அதுவும் போய்விட்டது. அதிலிருந்த கார் ரேஸ் விளையாட்டை மட்டும் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். புதியதில் அது ஓடவில்லை. போன இடமெல்லாம் கையை விரித்தார்கள்.

"ஒரே நாற்காலியில ஆளுக்குப் பாதி உக்காந்து ஆடுவோம்," என்றார் ஸெலின், வீட்டுக்கு வந்த சிவனைந்தானிடம். "கீபோர்டுல இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவனுக்கு. சோறு ஆறிப்போவும். அம்மா வந்து மெயினை அமத்திருவா."

சிவனைந்தான் விளையாட்டைத் திறந்தார். கருப்புத் திரை வந்தது. பீப் என்றொரு சத்தம், பிறகு என்ஜின் உறுமல். ஒரு காலத்தில் அவர் வீட்டிலும் பிள்ளைகள் இந்தச் சத்தம் கேட்டு ஓடிவருவார்கள்.

ஸெலின் நாற்காலியில் பாதி இடம் விட்டு உட்கார்ந்தார்.

தங்க எழுத்தில் கூடுபாய்ச்சி வந்து நின்றது.

ஸெலின் தலையைச் சாய்த்து ஓரமாக எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தப் பலகையைக் கொஞ்சம் நவுத்துங்களேன். ரேசுல ஜெயிச்சவங்க பேரு அதுக்குப் பின்னாடிதான் இருக்கும். எங்கண்ணன் பேரு."

சிவனைந்தான் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதபடி செய்தவரே அவர்தான். காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரமும் ஸெலின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒருவழியாகப் பலகை போனது. பச்சை எழுத்தில் ரூபர்ட் என்று மினுங்கியது.

ஸெலின் ஆடவில்லை. திரையில் விரலை வைத்து, பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிவனைந்தான் டீச்சரிடம் திரும்பி வர நேரமாகிவிட்டது.

"பேரு முடிவாச்சா, அண்ணாச்சி?"

"பேரு என்னமும் இருக்கட்டும் டீச்சர். பலகையை எடுத்துட்டுத்தான் அங்கயிருந்து எந்திரிச்சேன்."