எறும்பு இறங்கிய விரல்

ஏகாம்பரம் மகா கெட்டிக்காரன். ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவான். கூடவே தன் கெட்டிக்காரத்தனத்தையும் சொல்லிவிடுவான்.

அன்று மடத்துக் குளக்கரையில் பாடம். மனைவி ஊருக்குப் போயிருந்ததால் மகள் கோமதியையும் கூட்டி வந்திருந்தான். நாலு வயதுக் குழந்தை. குளத்துப் படிக்கட்டில் பூ பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

குரு குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே ஏகாம்பரம். பக்கத்தில் கூடப் படிக்கும் மருதப்பன், சரியான பயந்தாங்கொள்ளி. ஓர் இலை விழுந்தாலும் அவன் கண் அங்கே போகும்.

"சாமி, இவனை ஊருக்கு அனுப்பிடுங்க" என்றான் ஏகாம்பரம். "காக்கா, ஓணான், ஒண்ணு விடாம பார்க்கிறான். கண்ணு அலையுறவனுக்குப் புத்தி எங்க நிக்கும்?"

மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

"உன் கண்ணு நிக்குமா?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டார் குரு.

"சோதிச்சுப் பாருங்க, சாமி."

குருவின் புறங்கையில் ஓர் எறும்பு ஏறியிருந்தது. கையை நீட்டினார். "எந்த விரல் வழியா இறங்குதுன்னு சரியா சொல்லு. அவனை அனுப்பிடறேன்."

ஏகாம்பரம் இமைக்காமல் பார்த்தான். எறும்பு மணிக்கட்டு வரை போய்த் திரும்பியது.

மருதப்பன் திடீரென்று எழுந்து ஓடினான். குளத்தில் 'தொபீர்' என்று சத்தம். பயத்தில் குளத்திலேயே விழுந்துவிட்டான் என்று ஏகாம்பரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

குரு திரும்பிப் பார்த்தார். பதறி எழப் போனார். ஏகாம்பரம் அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"ஆடாதீங்க, சாமி. இதோ இறங்குது."

"விடுடா!"

இதுவும் சோதனைதான் என்று நினைத்துப் பிடியை இறுக்கினான்.

"சுண்டுவிரல், சாமி" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தான்.

மருதப்பன் உடம்பெல்லாம் சொட்டச் சொட்டப் படியேறி வந்தான். அவன் தோளில் கோமதி. குழந்தை தண்ணீரைக் கக்கியது. பிறகு வீறிட்டு அழுதது.

ஏகாம்பரம் குருவின் கையை விட்டுவிட்டு எழுந்தான்.

"எப்போ... எப்போ விழுந்தா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் குரு. "குளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் நீ."

ஏகாம்பரம் கைகளை நீட்டினான். குழந்தை வரவில்லை. மருதப்பனின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

"சாமி, துணியைப் பிழிஞ்சுட்டுக் கிளம்பட்டுமா?" என்றான் மருதப்பன்.

குரு ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தார்.

"விரலைச் சரியாத்தான் சொன்ன. நானும் வாக்குக் கொடுத்துட்டேன். அவன் போகணுமா, நீயே சொல்லு."