கிரீடத்தில் இரண்டு பேட்டரி

கூத்தில் ராஜா வேஷம் கட்டும் தணிகாசலம், அரிதாரம் பூசிவிட்டால் யாருக்கும் தலை குனிய மாட்டார். கிரீடம் கட்டிவிடும் பச்சையம்மாவோ குள்ளம். பாவம், வேஷப்பெட்டி மேல் ஏறி நின்றுதான் கட்டுவாள்.

ஒருநாள் ஒரு பல்பும் இரண்டு பேட்டரியும் வாங்கி வந்தார். “கிரீடத்துல இது ஜெகஜோதியா எரியணும். விடியக்காலம் பட்டாபிஷேகம் வரைக்கும் அணையவும் கூடாது. முடியலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

அவள் பேட்டரிகளை அக்கம்பக்கமாக வைத்து இணைத்தாள். அன்றிரவு கூத்தில் பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. ஆனால் விடியும்வரை எரிந்தது.

பட்டாபிஷேகத்துக்கு முன் திரை மறைவில் தணிகாசலம் கத்தினார். “என்னம்மா இது, மின்மினி மாதிரி?”

“ரெண்டும் பாரத்தைப் பங்கு போட்டதாலதான் இவ்வளவு நேரம் தாங்குச்சு, வாத்தியாரே. ஒண்ணு பின்னால ஒண்ணு வெச்சா ஜெகஜோதிதான், ஆனா சீக்கிரம் தீந்துடும். இப்ப மாத்திடவா?”

“மாத்து, மாத்து!”

“பெட்டியை சிம்மாசனமா மேடையில போட்டுட்டேனே. நீங்கதான் குனியணும்.”

வெளியே மேளம் அவசரப்படுத்தியது. ராஜா குனிந்தார். விடிய விடிய நின்று வீங்கிய அவள் பாதங்கள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன.

பல்பு பளீரென்றதும் தூங்கி வழிந்த ஊரே எழுந்து உட்கார்ந்தது.

அடுத்த கூத்துக்கு அவள் பெட்டியில் ஏறப்போனாள்.

“கால் நோவும், உக்காரு” என்று அவளை அதில் உட்கார வைத்துவிட்டு, எதிரே மண்டியிட்டார் ராஜா.