தலைவர் படத்துக்கு வந்த கூட்டம்

மலைமேல் வெள்ளைக்காரர் பாணியில் கட்டிய கோல்ஃப் கிளப் அது. அங்கே ஓவியக்கூடத்தில் கிளப் தலைவர் கஸ்தூரிரங்கனின் ஆளுயரப் படத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைவர், பெருக்கித் துடைக்கும் சகாயமேரியைக் கூப்பிட்டார். "நீ துடைக்கிற லட்சணம்தான் காரணம். நாளைக்கு வர்றவங்க என் படத்து முன்னாடி அஞ்சு நிமிஷமாவது நிக்கணும். இல்லன்னா உனக்கு வேலை கிடையாது."

"நிப்பாங்கய்யா. எங்க மாட்டுறதுன்னு மட்டும் என்கிட்ட விட்டுடுங்க."

மறுநாள் படத்தின் முன்னால் நீண்ட வரிசை. எல்லார் முகத்திலும் தவிப்பு. தலைவர் பூரித்துப்போய், எந்த இடமென்றுகூடக் கவனிக்காமல் அருகே போனார்.

கிளப்பின் ஒரே கழிவறை வாசலில் தொங்கிய படத்தையும் அவரையும் ஒருவர் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்குப் பொறுப்பு நீங்கதானே சார்? உள்ள இருக்கிறவரைச் சீக்கிரம் வரச்சொல்லுங்க."

தலைவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும்தான் நிற்கிறார்களே, சகாயமேரியை எதைச் சொல்லி வேலையைவிட்டு அனுப்புவது?