வெளிப்பக்கம் ஜன்னல் இல்லாத வீடு

ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்டுக்கு வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது. எந்த ஊர் தெரியுமா? கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி, மொராக்கோ தேசத்துல ஃபெஸ்னு ஒரு பழைய பட்டணம். அங்க சந்தெல்லாம் அவ்வளவு ஒடுக்கம். நீ ரெண்டு கையையும் நீட்டினா ரெண்டு பக்கச் சுவரும் தொடும். கேக்குறியா?

"ம்."

அந்த வீட்டுல தங்குறதுக்கு ஒரு அப்பாவும் பொண்ணும் வந்தாங்க. அப்பா பேரு திருமேனி. நீலச்சாயம் போடுற அவுரி இருக்கே, அதுல வியாபாரம். பொண்ணு பேரு வடிவு, உன் வயசு. அம்மா இல்லாத பிள்ளை. யார்கிட்டயாவது விட்டுட்டு வந்திருக்கலாம். ஆனா திருமேனிக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாது. கூடப் பிறந்த அக்கா "நான் பாத்துக்கிறேன்டா"ன்னு சொன்னா, "இவ எதுக்கு இப்படிச் சொல்றா"ன்னு யோசிக்கிற ஆளு. அதனால கூடவே கூட்டிட்டு வந்தார். வழியெல்லாம் வெயில். பிள்ளைக்குக் காய்ச்சல். உதடு காஞ்சு, உடம்பு அனலாக் கொதிக்குது.

அப்போ அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். டொக், டொக், டொக். பெரிய மரக்கதவு. அதுக்குள்ள ஒரு சின்னக் கதவு, கிர்ர்ருனு திறந்துச்சு. எட்டிப் பாத்தது வீட்டுக்காரம்மா, ஜோஹ்ரா.

"வாப்பா. தலை இடிக்கும், குனிஞ்சு வா."

"ஏம்மா, ஜன்னலையே காணோமே?"

"எல்லாம் உள்பக்கம் இருக்கு. வெளியில வச்சா புழுதியும் தெருக்காரன் கண்ணும்தான் உள்ள வரும்."

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமா பெரியப்பா?"

கதையில எல்லாருக்கும் தெரியும். நீ 'ம்' கொட்டு.

"ம்."

உள்ள போனா நடை வளைஞ்சு வளைஞ்சு ஒரே இருட்டு. அப்புறம் பளிச்சுனு ஒரு முற்றம். மேல கூரை இல்ல, வானம். நடுவுல கல்தொட்டி, தண்ணி சளசளனு விழுது. பக்கத்துல ஆரஞ்சு மரம். சுத்தி நாலு பக்கமும் ரூம், எல்லா ஜன்னலும் முற்றத்தைப் பாத்து. திருமேனி நினைச்சார்: "இங்க என்ன நடந்தாலும் தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாது."

அப்புறம் ஜோஹ்ரா ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்தா. ஆரஞ்சுப் பூ வாசனை கமகமனு வந்துச்சு. "தண்ணிக்கு எதுக்கு வாசனை? எதை மறைக்க?"ன்னு திருமேனிக்கு யோசனை. வேண்டாம்னுட்டார்.

அப்புறம் அவ புருஷன் இத்ரீஸ் புதினா டீ கொண்டுவந்தார். உசரத்துல இருந்து ஒரு கிளாஸ் ஊத்தி, அதை அப்படியே திருப்பிக் கெண்டியிலயே கொட்டினார். "சர்க்கரை கலக்கணும்ல"னு சிரிச்சார். "கலக்குறது சர்க்கரையா, வேற எதாவதா?" வேண்டாம்னுட்டார்.

அப்புறம் சூடா பருப்பு சூப். ஜோஹ்ரா முதல்ல தானே ஒரு வாய் குடிச்சுக் காட்டினா. "நான் கேக்கவே இல்லையே, ஏன் குடிச்சுக் காட்டுறா?" அதுவும் வேண்டாம்.

"அப்பா, தாகமா இருக்கு"னு சொல்லுது வடிவு. முற்றத்துத் தொட்டியில தண்ணி சளசளனு விழுது.

"ஏன் பெரியப்பா குடிக்க விடல?"

பயம்தான். பிள்ளை மேல அவ்வளவு பிரியம். பிரியம் இருக்கிறவன் ஏன் அப்படிப் பண்றான்னு எனக்கும் பிடிபடல.

அப்போ திருமேனி தெருக்குழாய்த் தண்ணி கொண்டுவரலாம்னு சொம்பை எடுத்தார். ஊரே குடிக்கிற தண்ணியில யாரும் ஒண்ணும் கலக்க முடியாதுல்ல? பிள்ளையை ரூமுக்குள்ள, கம்பி போட்ட ஜன்னலோரமாப் படுக்க வச்சார். பெட்டியில இருந்த தன் பூட்டை எடுத்துக் கதவுல மாட்டினார். க்ளிக்.

"ஏம்ப்பா, காய்ச்சக்காரப் பிள்ளையைப் பூட்டிட்டா போறது? எங்கிட்ட விட்டுட்டுப் போ"ன்னா ஜோஹ்ரா.

"உங்ககிட்ட விடக்கூடாதுன்னுதாம்மா பூட்டுறேன்."

தண்ணி பிடிச்சார். திரும்பி நடந்தார். எல்லாச் சுவரும் ஒரே மாதிரி. தோல் மூட்டை ஏத்தின கழுதை ஒண்ணு டக் டக்னு வந்து இடிச்சதுல பாதித் தண்ணி கொட்டிப்போச்சு. ஒரு செருப்புக்கடைக்காரர்கிட்ட வழி கேட்டார். அவர் சிரிச்சுக்கிட்டே வலப்பக்கம் காட்டினார். "ஏன் சிரிக்கிறான்?" திருமேனி இடப்பக்கம் போனார். அப்புறம் ஒரு அம்மாகிட்ட கேட்டார். அவ சிரிக்காம இடப்பக்கம் காட்டினா. "ஏன் சிரிக்கல?" வலப்பக்கம் போனார்.

"ஐயோ பாவம், லூசு."

ம், சிரி. பொழுது சாயுது. சொம்புல சொட்டுத் தண்ணி இல்ல. அங்க பிள்ளை பூட்டின ரூமுல. சாவி இவர் இடுப்புல. அப்புறம் ரொட்டி தூக்கிட்டு வந்த ஒரு கிழவர்கிட்ட கேட்டார். திருமேனி அவர் முகத்தைக்கூடப் பாக்கல. காட்டின பக்கமே ஓடினார். தடதடதடனு ஓடினார். அங்கதான் இருந்துச்சு வீடு.

முற்றத்துக்கு வந்தா, பூட்டு போட்டபடியே இருக்கு. ஜோஹ்ரா ஜன்னல் பக்கத்துல தரையில உக்காந்திருக்கா. இரும்புக் கம்பிக்குள்ள தோள்வரைக்கும் கையை விட்டு, பிள்ளை வாயில துணியைப் பிழியுறா. சொட்டு, சொட்டு. கம்பி அழுத்தி அவ கையெல்லாம் கன்னிப்போயிருக்கு. வடிவு கண்ணு மூடியிருக்கு.

திருமேனி வாயில முதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? "என்ன குடுத்தீங்க?"

"தண்ணி. நீ வேண்டாம்னியே, அதுதான்."

"பூட்டை உடைக்கிறேன்னுதான் நான் சொன்னேன்"னார் இத்ரீஸ். "இவதான் விடல. உடைஞ்ச பூட்டைப் பாத்தா அந்த மனுஷன் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடிடுவான், பாதி வழியில பிள்ளை போயிடும்னா."

திருமேனி அவசர அவசரமாச் சாவியை எடுத்தார். சாவி துவாரத்துல போகமாட்டேங்குது. இத்ரீஸ்தான் அவர் கையைப் பிடிச்சுத் திறந்தார். திருமேனி உள்ள போய்ப் பிள்ளை நெத்தியைத் தொட்டுப் பாத்தார். வேர்த்திருக்கு. சில்லுனு இருக்கு. பிள்ளை தூங்குது, அவ்வளவுதான்.

அப்புறம் ஜோஹ்ரா அவருக்கும் ஒரு டம்ளர் தண்ணி நீட்டினா. ரொம்ப நேரம் அதையே பாத்தார். மோந்து பாத்தார். மடக் மடக்னு குடிச்சார்.

"நம்பிட்டாரா?"

தெரியல குட்டிம்மா. தாகமாவும் இருந்திருக்கலாம்.

"வேணும்னா பூட்டிக்கிட்டுப் படுப்பா"ன்னு சொல்லிட்டு ஜோஹ்ரா போயிட்டா. அவர் பூட்டல. கதவைச் சாத்தக்கூட இல்ல. பிள்ளை பக்கத்துல படுத்தார்.

"தூங்கினாரா?"

இல்ல. வாசலையே பாத்துக்கிட்டு முழிச்சுத்தான் கிடந்தார். சந்தேகம் ஒரே நாள்ல போயிடுமா? ஆனா கதவு திறந்திருந்துச்சு. வடிவு நல்லாத் தூங்கினா.

கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடு.