திறக்காத பெட்டி

ஆசிரியை எப்சிபாவுக்கு வயது முப்பத்தொன்பது. அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த சிற்றம்பலத்துக்கு நாற்பத்தாறு. ஏற்கெனவே பேர் வாங்கிய குழந்தை மருத்துவர். எதையும் இரண்டாம் தடவை சொல்லிப் பழக்கமில்லாதவர்.

ஒரு நாள் கேட்டார்.

“மேடம், கருவுக்குள்ள மூளை வளருது. நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ் சுரப்பியும் வளருது. நோயை எதிர்க்கிற செல்லுக்கெல்லாம் பள்ளிக்கூடமே அதுதான். அந்தத் தைமஸுக்கு மூளை தன் ஹார்மோன் வழியா முதல் உத்தரவு போடறது எத்தனாவது நாள்?”

“உத்தரவுன்னு யார் சொன்னா?”

“மூளையாச்சே மேடம்!”

“அது சரி. உமையாள் எப்படி இருக்காங்க?”

சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவிக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து தேவகோட்டையில் தாய் வீட்டில் இருக்கிறாள். தினமும் காலையில் ஃபோன் செய்வார். என்ன சாப்பிடணும், எத்தனை மணிக்குத் தூங்கணும், யாரோடு பேசக் கூடாது. பதினோரு நாளாக அவள் ஃபோனை எடுப்பதில்லை.

“தினமும் ஃபோன் பண்றேன், எடுக்கறதே இல்ல மேடம். பிரசவத்துக்கு நான் வர வேண்டாமாம். அவங்க அம்மாகிட்ட சொல்லி அனுப்பியிருக்கா. எல்லாம் அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

எப்சிபா எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். எலிக்கருவின் ஸ்லைடுகள், நாள்வாரியாக. ஒன்றில் மூளை, மற்றதில் தைமஸ். அந்த ஹார்மோன் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றியவை.

“நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

மூன்று நாள் மைக்ரோஸ்கோப்பை விட்டு நகரவில்லை அவர். நான்காம் நாள் ஒரு துண்டுத்தாளோடு வந்தார்.

“கண்டுபிடிச்சிட்டேன் மேடம்.”

எப்சிபா தாளைப் பார்க்கவில்லை. தைமஸ் பெட்டியைப் பார்த்தார். மூடிமேல் ஒட்டியிருந்த டேப் அப்படியே இருந்தது.

“இதைத் திறக்கவே இல்லையே?”

“அது வாங்கிக்கற இடம்தானே. அனுப்பற இடத்தைப் பார்த்தா போதாதா?”

“எட்டாங்கிளாஸ் பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன். திறங்க.”

திறந்தார். ஒரு ஸ்லைடை வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“இங்கேயும் பழுப்பு இருக்கே. மூளையிலேர்ந்து வந்து சேர்ந்ததா?”

“அது மட்டும் இல்ல. தைமஸும் அதைத் தானே உண்டாக்குது. அதோட விடல, தன் பங்குக்கு மூளைக்கும் சேதி அனுப்புது. ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு ஒழுங்கா வளராது.”

“அப்ப முதல்ல பேசினது யாரு மேடம்?”

“எனக்குத் தெரியாது. ரெண்டும் அரைகுறையா இருக்கும்போதே பேச ஆரம்பிச்சிடுது, அது தெரியும். நீங்கதான் முழுசா வளர்ந்து முடிச்சிட்டு ஃபோன் பண்றீங்க.”

சிற்றம்பலம் வராந்தாவுக்குப் போய் மாமியாரின் எண்ணை அழைத்தார்.

“அத்தை, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அவ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்னு மட்டும் சொல்லுங்க.”

அங்கே ஏதோ முணுமுணுப்பு. ஃபோன் கை மாறியது.

“எனக்குப் பயமா இருக்குங்க,” என்றாள் உமையாள். “எட்டு மாசத்துல அதை ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?”

பயப்படக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். அவள் பேசிக்கொண்டே போனாள்.