எதிர்க் குழாய்

கடகடகடவென்று ஒரு சத்தம். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அலமாரிக் கண்ணாடிகூட அதிர்ந்தது.

"பரமசிவண்ணே, எதிர்ல தண்ணிக் குழாய் வைக்கலையா?"

பக்கத்து அறையிலிருந்து ரெஜினா கை கழுவிய ஈரத்தோடு ஓடிவந்தாள். அவளுக்கு முப்பத்து நாலு வயது, பரமசிவத்துக்கு ஐம்பத்தொன்று. ஆனாலும் இந்த வேலையில் அவள்தான் அவருக்குக் குரு.

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தை நிறுத்தித் திறந்தாள். உள்ளே ஒரேயொரு ரத்தக் குழாய். இன்னொரு குழாயில் அதே எடைக்குத் தண்ணீர் ஊற்றி, நேர் எதிர்க் குழியில் வைத்து மறுபடி ஓடவிட்டாள். இப்போது வெறும் முனகல்தான்.

"இதை மறக்கிற ஆள் இல்லையே நீங்க. யாரோட ரத்தம்?"

"தங்கபுஷ்பத்தோடது. போன வாரம் தம்பியோட ஸ்டெம் செல்லை ஏத்துனோமே, அந்தப் பொண்ணு."

"காலையிலேயே பார்த்தாச்சே?"

"ரெண்டு தடவை பார்த்தேன். குடலுக்கு ஆபத்துன்னா ரத்தத்துல கூடுற ரெண்டு புரதமும் ஏறிக் கிடக்கு. தம்பி கொடுத்த செல்லே அக்கா குடலைத் தாக்கலாம்னு காட்டுது. மிச்ச ரத்தத்துல இன்னொரு தடவை பார்த்தா குறையுமோன்னு..."

"டாக்டருக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை குருவே."

கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிடுவார். இன்று அந்தக் குரலில் கேலி இல்லை.

"அந்தத் தம்பி சேர்மதுரை வெளியே நிக்கிறான். 'நம்பர் நல்லாருக்கா அண்ணே'ன்னு மூணு தரம் கேட்டுட்டான். நீ கொடுத்ததே உங்க அக்காவைக் கடிக்கும்னு எந்த வாயால சொல்ல? அவ இப்ப நல்லாத்தானே இருக்கா? காலையில ஒன்றரை இட்லி சாப்பிட்டாளாம். ஒண்ணும் ஆகறதுக்கு முன்னாலயே எதுக்கு இந்த நம்பர்?"

ரெஜினா இயந்திரத்தின் மூடியைத் தட்டினாள்.

"இது அந்தக் கத்து கத்துச்சே, உள்ளே என்ன உடைஞ்சது?"

"ஒண்ணும் உடையலை."

"அப்புறம் எதுக்குக் கத்துச்சாம்? காதுல பஞ்சை வச்சுக்கிட்டு நீங்க பாட்டுக்கு ஓட்டியிருக்கலாமே."

பரமசிவம் காலை முடிவுகள் இருந்த தாளை எடுத்தார். போனில் டாக்டரிடம் இரண்டு எண்களையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். "இதோ வர்றேன், மருந்தை இன்னைக்கே மாத்திடலாம்" என்றது மறுமுனை.

போனை வைத்தவர் கதவைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சேர்மதுரையின் நெற்றி தெரிந்தது.

"நம்பரை டாக்டர் சொல்லிருவார். நான் இவன்கிட்ட என்ன சொல்ல?"

"அக்காவுக்கு எதிர்ல உட்காரச் சொல்லுங்க. வயித்தால போனா, தம்பிகிட்ட சொல்லக் கூச்சப்படுவா. அவளைச் சிரிக்க வச்சாவது கேட்டு, உடனே நர்ஸைக் கூப்பிடட்டும்."

பரமசிவம் வெளியே போய்ச் சொன்னார். வராந்தாவில் செருப்புச் சத்தம் வார்டுப் பக்கமாக ஓடியது.

அவர் திரும்பி வந்து, ஒரு காலிக் குழாயைத் தராசில் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடத் தொடங்கினார்.